முதல் வரியில் பிள்ளையார்

தென்றலுக்குக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரின் கையில் இருந்தது. இதை அவள் வெளியில் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கீழ்பென்னாத்தூர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் ஊராருக்குச் சான்றிதழும் பட்டாவும் எடுத்துக் கொடுக்கிறவள், தன் விஷயத்தில் ஒரு பழைய பெட்டியை நம்பி நிற்கிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பெட்டி அவளுடைய அப்பா தசரதனுடையது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையைப் பார்த்த முன்னறையில், ‘கணினி ஜாதகம்’ என்ற போர்டுக்குக் கீழே, தென்றல் பிறப்பதற்கு முன்பிருந்தே அது உட்கார்ந்திருக்கிறது. வரும்போது வெள்ளை, இப்போது பழுத்த எலுமிச்சை நிறம். மௌஸ் கிடையாது, கலர் கிடையாது, இன்டர்நெட் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, பக்கத்தில் கர்ர் கர்ரென்று இழுத்து இழுத்து அடிக்கும் ஒரு பிரிண்டர், அவ்வளவுதான். ஆனால் பெயரும் பிறந்த நேரமும் கொடுத்தால் வாக்கியப் பஞ்சாங்கப்படி கட்டம் போட்டு, பத்துப் பொருத்தமும் பார்த்து, தாளில் அடித்துக் கொடுத்துவிடும். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணம் அந்தத் தாளை வைத்து நடந்ததுதான்.

செல்போனில் ஜாதகம் பார்க்க எத்தனையோ வழி வந்துவிட்டது. தசரதனும் ஒருமுறை பார்த்தார். அது வேறு பஞ்சாங்கப்படி கணக்குப் போட்டு, அவருடைய நட்சத்திரத்தையே மாற்றிச் சொன்னது. “பொறந்ததுலேர்ந்து பூசத்துக்கு அர்ச்சனை பண்ணிக்கினு இருக்கேன், இது என்னை ஆயில்யம்ங்குது!” என்று போனைக் கவிழ்த்து வைத்தவர், அந்தப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.

மாப்பிள்ளை பாலாஜி. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் பயிர் வைக்கிற வீட்டுப் பிள்ளை. பட்டா பெயர் மாற்றத்துக்காக இ-சேவை மையத்துக்கு வந்தவன், பட்டா கைக்குக் கிடைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தான். வந்து வந்து, வாங்குவதற்குச் சான்றிதழ் எதுவும் பாக்கியில்லாமல் போனபோது, நேராகவே கேட்டுவிட்டான். இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்தது, ஆட்சேபம் சொல்ல ஆளில்லை. தசரதன் மட்டும், “பொருத்தம் பாக்கணும். நம்ம மெஷின்ல” என்றார். அதிலும் தப்பில்லை. ஊருக்கெல்லாம் பார்க்கிறவர் சொந்த மகளுக்குப் பார்க்கமாட்டாரா?

பார்க்கவில்லை, அதுதான் வேடிக்கை. முதலில் பிரிண்டர் ரிப்பன் காய்ந்துவிட்டது என்றார். அப்புறம் பேப்பர் இல்லை. அப்புறம் ஆடி மாசம். ஆடி போனதும் கை வலி. மூன்று மாதம் இப்படியே ஓடியது. அப்பாவுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை, அதை வாய்விட்டுச் சொல்ல மனசு வராமல் நாளைக் கடத்துகிறார் என்று தென்றல் முடிவு கட்டிவிட்டாள். பாலாஜியின் அம்மா ராணியம்மாள் தங்கமான மனுஷிதான், ஆனால் தங்கத்துக்கும் பொறுமை ஒரு அளவுக்குத்தான். “வர்ற ஞாயித்துக்கிழமை நானே வரேன். ஆவுமா, ஆவாதான்னு அன்னிக்குத் தெரிஞ்சிடணும். இல்லாட்டி நாங்க வேற எடம் பாக்கறோம்” என்று போனில் சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் தென்றல் தன் அப்பாவுக்கு ஒரு லஞ்சம் கொடுக்க முடிவு செய்தாள். அது என்ன லஞ்சம் என்று சொல்வதற்கு முன், அந்த மெஷின் காலையில் எப்படி எழுந்திருக்கும் என்று சொல்லியாக வேண்டும்.

பட்டனைத் தொட்டதும் பளிச்சென்று எழுந்துகொள்கிற ஜாதி அல்ல அது. சுவிட்சைப் போடும்போது அதற்கு ஒன்றுமே தெரியாது. தனக்குள் ஒரு டிஸ்க் இருப்பதுகூடத் தெரியாது. கல்யாண வீட்டில் விடிகாலையில் யாரோ ஒருவர் முதலில் விழித்து, அவர் சமையல்காரரை எழுப்பி, சமையல்காரர் தன் ஆட்களை எழுப்புவார் இல்லையா, அப்படித்தான். முதலில் உள்ளே ஒரு சின்னச் சில்லு விழித்துக்கொள்ளும். தன்னிடம் நினைவகம் எவ்வளவு இருக்கிறது என்று திரையில் எண்களை ஓடவிட்டு எண்ணிப் பார்க்கும். பிறகு பிளாப்பி போடுகிற வாயில் கிர்ரென்று ஒரு சத்தம். அங்கே யாரும் இல்லையென்றால் உள்ளே இருக்கும் டிஸ்க்கிடம் போகும். டிஸ்க்கின் முதல் துணுக்கில் இருப்பது அடுத்து யாரை எழுப்ப வேண்டும் என்ற சேதி மட்டும்தான். அவர் எழுந்து இன்னொருவரை எழுப்ப, அவர் மற்றவரை எழுப்ப, டாஸ் என்கிற குடும்பம் முழுசாக எழுந்து உட்காரும். உட்கார்ந்ததும் ஒரு பட்டியலைக் கையில் எடுக்கும். மெஷின் விழித்தவுடன் தானாகச் செய்ய வேண்டிய வேலைகள் அதில் வரிவரியாக எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்து, சொன்னதைச் செய்து, கடைசி வரியில் ஜாதகப் புரோகிராமைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

அந்தப் பட்டியலின் முதல் வரியில் பிள்ளையார் இருந்தார்.

மெஷின் வந்த அன்று வேலூரிலிருந்து மூர்த்தி என்று ஒரு ஆள் வந்து பூட்டிக் கொடுத்தான். அவன் பட்டியலை எழுத ஆரம்பித்ததும் தசரதன் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையார் சுழி போடாமல் எழுதுவதா? மளிகைச் சீட்டுக்கே சுழி போடுகிற வீடு அது.

“சார், இந்தப் பட்டியல்ல தமிழ் எழுத்தே வராது சார்.”

“இங்கிலீஷ்ல போடேன்.”

“இங்கிலீஷ்ல சுழிக்கு எங்க சார் போறது?”

கடைசியில் இரண்டு பேரும் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முதல் வரியில் ஓம் என்று இங்கிலீஷில் இரண்டு எழுத்து. “ஆனா ஒண்ணு சார், இப்படி ஒரு வேலை இதுக்குத் தெரியாது. தெனம் முனகும். முனகிட்டு அடுத்த வரிக்குப் போயிடும்” என்றான் மூர்த்தி. “முனகட்டும்” என்றார் தசரதன்.

அன்றிலிருந்து தினம் காலையில் மெஷின் முனகியது. ‘பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்’ என்று திரையில் ஒரு வரி வரும். அப்படி ஒரு கட்டளையும் இல்லை, கோப்பும் இல்லை என்று பொருள். தசரதன் குளித்து, விபூதி பூசி, அந்த வரி வருகிற நேரத்துக்குச் சரியாகக் கைகூப்பி நிற்பார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்கத் தொடங்கிய வயதில் தென்றல், “அப்பா, அது திட்டுதுப்பா” என்று சொல்லிப் பார்த்தாள். “திட்டினாலும் அவரு பேரைச் சொன்ன பெறகுதானே திட்டுது” என்று அவர் மேற்கொண்டு கும்பிட்டார்.

லஞ்சம் இங்கேதான் வருகிறது. ஓம் என்ற பெயரில் ஒரு கோப்பை உண்டாக்கி வைத்துவிட்டால் மெஷின் முனகாது, அந்தக் கோப்பில் இருப்பதைச் செய்யும் என்று தென்றல் இன்டர்நெட்டில் படித்துத் தெரிந்துகொண்டாள். சனிக்கிழமை மாலை அப்பா டீ குடிக்கப் போன நேரம் பார்த்து உட்கார்ந்தாள். நட்சத்திரக் குறியும் கோடும் புள்ளியுமாகத் தட்டித் தட்டி, திரை நிறைய ஒரு பிள்ளையாரை வரைந்தாள். காது இரண்டும் சுலபமாக வந்துவிட்டன. தும்பிக்கைதான் படுத்தியது, முதலில் வாழைப்பூ மாதிரி இருந்தது, அப்புறம் வால் மாதிரி. ஒருவழியாகத் தும்பிக்கை தும்பிக்கையானதும், ஓம் என்று அடித்து என்டரைத் தட்டினாள். பிள்ளையார் ஜம்மென்று வந்து நின்றார். மெஷினை அணைத்துப் போட்டும் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்குள் அப்பா திரும்பிவிட்டார். விளக்கு வைத்துக் கற்பூரம் காட்டி மெஷினை அணைத்துவிட்டால், மறுநாள் காலை வரை அதைத் தொடக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே அம்மா வேதா கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். தசரதன் ஈர வேட்டியோடு வந்து, திரையின் நெற்றியில் விபூதிக் கோடு இழுத்து, சுவிட்சைப் போட்டார். எண்கள் ஓடின. கிர்ரென்றது. பீப் என்று ஒரு குரல். தசரதன் கைகூப்பினார்.

முனகல் வரவில்லை. திரையின் அடியிலிருந்து வரிவரியாகப் பிள்ளையார் எழுந்து வந்தார்.

“அடியே வேதா! இங்க வாடி!” தசரதனுடைய கண் கலங்கிவிட்டது. “யாரு கண்ணு இது? நீயா?”

“நான்தாம்ப்பா. எவ்ளோ நாளுதான் அது முனகிக்கினே இருக்கும்?”

அவர் மகளின் தலையில் கை வைத்தார். லஞ்சம் வேலை செய்கிறது என்று தென்றலுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி அதிக நேரம் நீடிக்கவில்லை. பிள்ளையார் வந்தார், நின்றார். அவர் காலடியில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்கென்று கண் சிமிட்டியது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. ஜாதகப் புரோகிராம் வரவே இல்லை. தசரதன் என்டரைத் தட்டினார், ஸ்பேஸ் பாரைத் தட்டினார், பெட்டியின் பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அணைத்துப் போட்டார். மறுபடியும் அதே பிள்ளையார், அதே கண் சிமிட்டல்.

தசரதன் நாற்காலியில் சாய்ந்தார். “இத்தனை வருஷத்துல இது ஒரு நாளும் நின்னதில்லை. இன்னிக்கு உன் ஜாதகத்தைப் போட வந்தா நிக்குது.”

“அப்பா, அது ஏதோ கோளாறுப்பா.”

“கோளாறு இல்லை. விக்னேஸ்வரன்னு அவருக்கு எதுக்குப் பேரு? வேணாம்னு தோணினா வழியில வந்து குந்திக்குவாரு. இன்னிக்கு வேணாம்ங்கறாரு. தள்ளி வெச்சிக்கலாம்.”

இனித் தள்ளுவதற்கு நாள் ஏது? அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ராணியம்மாள் ஒரு வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து இரண்டு வீட்டுக்கும் தெரியும். அப்படிக் குரல். ஒரு கையில் பூவும் பழமும், மறுகையால், வேர்க்கடலை மூட்டையோடு பின்னால் வருகிற பாலாஜிக்கு உத்தரவு. “மல்லாட்டை மூட்டையை ஓரமா வைடா, யாராவது தடுக்கி வுழப் போறாங்க. என்னங்கண்ணா, சௌக்கியமா? தாளு ரெடியா?”

தசரதன் விஷயத்தைச் சொல்லத் தெரியாமல், “மெஷினு கொஞ்சம் நின்னு போச்சும்மா” என்றார். “முதல்ல காப்பி குடிங்க.”

“நின்னா ஓட வெச்சிக்கலாம். சின்னஞ்சிறுசுங்க பாக்கட்டும். நாம உள்ள குந்துவோம் வாங்க” என்று அவள் கேசரி வாசனையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பெரியவர்கள் உள்ளே போனார்கள். முன்னறையில் மெஷினும் பிள்ளையாரும் இவர்கள் இரண்டு பேரும் மிச்சம்.

“உன் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?” என்றான் பாலாஜி மெதுவாக.

“இப்ப அதுக்கு நேரமில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஒக்காருங்க.”

கோபமும் பயமும் சேர்ந்துகொண்டால் தென்றலுக்குப் புத்தி கூர்மையாகிவிடும். மெஷின் எழுந்ததும் செய்கிற பட்டியலை அவள் முதல்முறையாகத் திறந்து பார்த்தாள். நேற்றே பார்த்திருக்க வேண்டியது. முதல் வரி ஓம். அதற்குக் கீழே தமிழ் எழுத்தை ஏற்ற ஒரு வரி, பிரிண்டருக்கு ஒரு வரி, கடைசியில் ஜாதகப் புரோகிராம். எல்லாம் பத்திரமாக இருந்தன. யாரும் எதையும் அழிக்கவில்லை.

“எல்லாம் சரியா இருக்குது. நேத்து காலைல வரைக்கும் ஓம்னு படிக்கும், அப்படி யாரும் இல்லைன்னு முனகும், அடுத்த வரிக்குப் போயிடும். இன்னிக்கு ஓமும் இருக்குது. அப்புறம் ஏன் அடுத்த வரிக்குப் போவலை?”

பாலாஜிக்கு டாஸும் தெரியாது, கீஸும் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். “எங்க ஊட்ல நடவுக்கு ஆளுங்களை மேஸ்திரிகிட்ட ஒப்படைச்சுடுவோம். மேஸ்திரி சொன்ன வேலை முடிஞ்சா அவங்க நேரா ஊட்டுக்குப் போயிடுவாங்க. மிச்ச வேலை இருக்குதான்னு திரும்பி வந்து நம்மளைக் கேக்க மாட்டாங்க.”

தென்றல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மெஷின் தன் பட்டியலை விட்டுவிட்டு இவளுடைய கோப்பின் கையில் வேலையை ஒப்படைத்துவிட்டது. இவளுடைய கோப்பில் பிள்ளையாரை வரைவதைத் தவிர வேறு வேலை எதுவும் எழுதவில்லை. படம் முடிந்தது, வேலை முடிந்தது என்று டாஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நேற்று மாலை தனியாக ஓட்டிப் பார்த்தபோது அதற்குப் பிறகு செய்ய வேறு வேலையே இல்லாததால் தெரியவில்லை.

“அடக் கடவுளே, நான்தான் நிறுத்தியிருக்கேன்.”

ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி அணைத்துப் போட்டாள். பிள்ளையார் திரையில் வந்து நின்ற அதே நேரம், கையில் கேசரித் தட்டோடு ராணியம்மாள் முன்னறைக்கு வந்தாள், பின்னாலேயே தசரதனும் வேதாவும்.

“ஐயோ! என் அப்பனே!”

தட்டு தப்பித்தது அதிசயம். “அண்ணா! இதையா நின்னு போச்சுன்னு சொன்னீங்க? புள்ளையாரு இல்ல வந்து குந்தியிருக்காரு! பொருத்தம் பாக்கறதுக்கு முன்னாடி அவரே நேர்ல வந்து சரின்னுட்டாரு. இதுக்கு மேல இன்னா தாளு வேணும் உங்களுக்கு?”

அந்தக் குரல் கிரிவலப் பாதை வரை போனது. வெறுங்காலோடு மலை சுற்றிக்கொண்டிருந்த நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டரில் பிள்ளையார் என்றால் யார்தான் நடையைக் கட்டுவார்கள்? ஒரு அம்மாள் தன் தலையில் இருந்த மல்லிகையில் ஒரு துண்டைக் கிள்ளித் திரைக்கு மேல் வைத்தாள். இன்னொருவர் கற்பூரம் ஏற்றினார். மூன்றாமவர் விசைப்பலகையின் மேல் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேதாவுக்கு எந்தப் பக்கம் கும்பிடுவது என்று தெரியவில்லை, பொதுவாகக் கும்பிட்டாள்.

தசரதன் திரையைப் பார்த்தார், ராணியம்மாளைப் பார்த்தார். காலையில் வழிமறித்த பிள்ளையார் இப்போது வாழ்த்த வந்தவராகிவிட்டார். “அப்படியும் இருக்கலாம் இல்ல?” என்றார். அவர் முகத்தில் என்ன ஒரு வெளிச்சம்! “தங்கச்சி சொல்றதுதான் சரி. அவரே வந்த பெறகு நாம யாரு பொருத்தம் பாக்க? வேதா, தாம்பூலத் தட்டை எடுத்துக்கினு வா.”

பாலாஜி தென்றலின் காதோரம் குனிந்தான். “சொல்லாத. தட்டு மாறட்டும். நாளைக்குச் சரி பண்ணிக்கலாம்.”

சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம்! வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், கல்யாணம் நிச்சயம். தென்றலுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அவள் கண் கற்பூரத்தின் மேலே போயிற்று. இந்தப் பாதையில் ஒரு கல்லில் மஞ்சள் ஒட்டினாலே அடுத்த பௌர்ணமிக்குள் அதற்குக் கூரை வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு உண்டியல் வைக்க எத்தனை நாள் ஆகும்? நாளைக் காலையில் வேறு ஒரு வீட்டார் ஜாதகத்தோடு வந்து நின்றால் அவர்களுக்கும் பிள்ளையார் வந்து நிற்பார். மறுநாளும் நிற்பார். அப்போது அப்பாவுக்குத் தெரியும், தன் மகளுடைய கல்யாணத்தை நிச்சயம் பண்ணியது அவள் எழுதாமல் விட்ட மூன்று வரி என்று. அவர் முகத்தை அன்றைக்கு எப்படிப் பார்ப்பது?

“அப்பா,” என்றாள். “சாமியும் தடுக்கலை, சாமியும் சரின்னு சொல்லலை. நான் நேத்து எழுதினது தப்பு. அதான் நின்னு போச்சு.”

அவள் மேஸ்திரி கதையையே சொல்லி விளக்கினாள். மல்லிகை வைத்த அம்மாள், “எப்படி வந்தா இன்னாம்மா, சாமி சாமிதான்” என்று பூவை எடுக்காமலே மலையைச் சுற்றப் போய்விட்டாள். ஐந்து ரூபாய்க்காரர் நாணயத்தை எடுப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டே போனார். பாலாஜி நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

தசரதன் மகளின் பக்கத்தில் வந்து நின்றார். “ஏன் கண்ணு சொன்னே?”

“ஏம்ப்பா? சொல்லாம ஏமாத்தறதா?”

“ரிப்பன் காஞ்சுது, பேப்பர் இல்லைன்னு நான் சொன்னதெல்லாம் பொய்யி. எல்லாம் இருந்துது. போடத்தான் பயம். இந்தக் கையால எத்தனை பேருக்குச் சேராதுன்னு தாளு குடுத்திருக்கேன். அழுதுக்கினே இந்தப் படி எறங்கினவங்க இருக்காங்க. உனக்கும் அப்படி ஒண்ணு வந்துட்டா அதை எப்படி நான் உன் கையில குடுப்பேன்? குடுக்காம மறைச்சுட்டா, அழுதுக்கினு போனாங்களே, அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? காலைல மெஷினு நின்னுச்சே, எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துது தெரியுமா?”

மூன்று மாதமாக அப்பாவைப் பற்றி மனசுக்குள் என்னவெல்லாம் நினைத்திருந்தாள்! தென்றலுக்கு வெட்கமாகவும் இருந்தது, அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. அழுகையைத் தள்ளி வைத்துவிட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். பிள்ளையாரை எடுத்துவிட்டால் பழையபடி முனகிக்கொண்டு ஓடும். எடுக்க மனசு வரவில்லை. பிள்ளையார் படம் முடிகிற இடத்துக்குக் கீழே, பட்டியலில் மிச்சம் இருந்த வரிகளை அப்படியே எழுதினாள். இனி அவர் கையில் ஒப்படைத்தால் அவரே எல்லா வேலையையும் நடத்தி, கடைசியில் ஜாதகத்தையும் திறந்து வைத்துவிடுவார். எழுதிய ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டு, அணைத்துப் போட்டாள்.

எண்கள் ஓடின. கிர்ர். பீப். பிள்ளையார் வந்தார். ஒரு கணம் நின்றார். பிறகு மேலே ஏறி மறைய, கட்டம் கட்டமாகத் தமிழ் எழுத்தோடு ஜாதகப் புரோகிராம் வந்து, ‘பெண்ணின் பெயர்’ என்று கேட்டது.

“போடுங்கப்பா” என்றாள் தென்றல். “எது வந்தாலும் என் கையிலேயே குடுங்க.”

தசரதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெண்ணின் பெயர், பிறந்த நேரம், ஊர். பையனின் பெயர், பிறந்த நேரம், ஊர். ஊருக்கெல்லாம் சரளமாகத் தட்டுகிற விரல் இன்றைக்கு எழுத்தைத் தேடியது. எல்லாம் முடிந்து என்டரைத் தட்ட வேண்டிய இடத்தில் கை அப்படியே நின்றுவிட்டது. ராணியம்மாள் ஒரு நிமிஷம் பொறுத்தாள், அவளுக்கு அதுவே அதிகம். கேசரி ஒட்டிய விரலை நீட்டி டொக்கென்று தட்டிவிட்டாள்.

பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்தது. இதைவிட மெதுவான ஒரு சாமானை உலகத்தில் யாரும் செய்திருக்க முடியாது என்று தென்றலுக்குத் தோன்றியது. பத்துப் பொருத்தமும் ஒவ்வொன்றாக இறங்கின. உண்டு, உண்டு, இல்லை, உண்டு, இல்லை. கடைசி வரியில் மெஷின் ஒரே ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்லும். உத்தமம் என்று வந்தால் மேளத்துக்குச் சொல்லலாம். அதமம் என்றால் வேறு ஜாதகம் பார்க்க வேண்டியதுதான். பிரிண்டரின் தலை கடைசியாக ஒருமுறை போய்த் திரும்பியது.

மத்திமம்.

“மத்திமம்னா இன்னாங்கண்ணா?” என்றாள் ராணியம்மாள்.

இந்தக் கேள்வியைத் தசரதன் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனவர். பெண்ணைப் பெற்றவர்கள், பையனைப் பெற்றவர்கள், எல்லாரும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இப்படித்தான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். மெஷின் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது, மிச்சம் உங்கள் இஷ்டம் என்று தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடுவார். அந்த வீட்டார் அதற்கப்புறம் எப்படித் தவித்திருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கூப்பிடுவதற்கு அடுத்த ஆளும் இல்லை.

“கெடுதலும் இல்லை, அமோகமும் இல்லைம்மா. பெத்தவங்களுக்கு மனசு இருந்தா பண்ணலாம்னு அர்த்தம்.”

“எனக்கு இருக்குது,” என்றாள் ராணியம்மாள். “உங்களுக்கு?”

வேதா தட்டோடு வாசற்படியிலேயே நின்றாள். பாலாஜி தரையைப் பார்த்தான். தசரதன் மெஷினைப் பார்க்கவில்லை. மெஷினுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மகளைத்தான் பார்த்தார்.

“எனக்கு அந்தப் புள்ளையைப் பாத்த மொத நாளே புடிச்சுப் போச்சும்மா” என்று சொல்லி, தாளைப் பதமாகக் கிழித்துத் தென்றலிடம் நீட்டினார். “இந்தா கண்ணு. உன் கையிலேயே குடுத்துட்டேன். அப்பன் சரின்னுட்டேன்னு அதுல எழுதலை. நீயே எழுதிக்கோ.”

தென்றல் தாளை வாங்கிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியதில் அதில் அடித்திருந்த ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியவில்லை.